ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதியில் ஓர் இரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானுக்குப் பயணம் புறப்படும் வாசகர்கள், ‘ரியோக்கான்’ எனப்படும் மரபான விடுதிகளில் தங்குவது பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்கள் பல சேர்ந்திருக்கின்றன. ‘ஒன்சென்’ என்னும் இயற்கை வெந்நீர் ஊற்று உள்ள ஊர்களில் இருக்கும் விடுதிகளைப் பற்றியே பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வரும் அக்டோபரில் நாங்கள் நால்வர் டோக்கியோ செல்கிறோம். நகரத்து ஓட்டலைவிட மூன்று மடங்கு கட்டணம் ரியோக்கானில் கேட்கிறார்கள். ஓர் இரவுக்கு அவ்வளவு செலவு செய்வது தகுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

முதலில் கணக்கைச் சரியாகப் பார்ப்போம். ரியோக்கானில் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. அந்தக் கட்டணத்திலேயே இரவு விருந்தும் மறுநாள் காலை உணவும் அடங்கிவிடும். ஊற்று நீரில் எத்தனை முறை வேண்டுமானாலும் குளித்துக்கொள்ளலாம். நடுத்தரமான விடுதியில் ஒருவருக்கு ஏறத்தாழ 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும். அதற்கு மேல் குளியல் வரி என்று ஆளுக்கு ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 150 யென் வாங்குவார்கள். சனிக்கிழமை இரவிலும், பொது விடுமுறைக்கு முந்தைய இரவிலும், புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் நாட்களிலும் விலை நன்றாக ஏறிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை உள்ள ஓர் இரவைத் தேர்ந்தெடுத்தால் அதே அறை, அதே விருந்து, கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கும்.

தகுமா என்பது அந்த நேரத்தை நீங்கள் எப்படிச் செலவிடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, இரவு எட்டரை மணிக்குப் பெட்டியோடு போய் இறங்கி, விடிந்ததும் அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடுபவர்களுக்கு நான் ரியோக்கானைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் கொடுக்கும் பணத்தில் பாதி வீண். பிற்பகல் மூன்று மணிக்கு அறை திறக்கிறார்கள் என்றால் மூன்று மணிக்கே அங்கே இருங்கள். வாசலில் காலணியைக் கழற்றி வைத்ததும் பணிப்பெண் உங்களை அறைக்கு அழைத்துச் சென்று, தாழ்ந்த மேசையில் பச்சைத் தேநீரும் அந்த ஊர் இனிப்பு ஒன்றும் வைப்பார். அந்த இனிப்பைச் சாப்பிட்டுவிட்டே குளிக்கப் போங்கள். வெறும் வயிற்றில் வெந்நீரில் இறங்கினால் தலைசுற்றல் வரக்கூடும். பிறகு யுகாதா என்னும் பருத்தி அங்கியை மாற்றிக்கொண்டு முதல் குளியல். ஆறு அல்லது ஆறரைக்கு விருந்து. நீங்கள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அறையில் இருந்த மேசை ஓரமாக நகர்ந்து, கோரைப்பாய் விரித்த தரையில் மெத்தைகள் விரிக்கப்பட்டிருக்கும். படுக்கும் முன் ஒரு குளியல், விடியற்காலையில் ஒரு குளியல், எட்டு மணி வாக்கில் காலை உணவு, பத்து மணிக்குப் புறப்பாடு. இந்தப் பத்தொன்பது மணி நேரமும் விடுதியைவிட்டு எங்கும் போகாமல் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கட்டணம் நியாயமாகத் தெரியும்.

டோக்கியோவிலிருந்து போவதென்றால் ஹகோனே எளிது. ஷின்ஜுகு நிலையத்தில் ஓடாக்யூ நிறுவனத்தின் ரொமான்ஸ்கார் என்னும் விரைவு ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹகோனே-யுமோதோவில் இறங்கிவிடலாம். பெரிய பெட்டிகளைத் தூக்கிச் செல்ல வேண்டாம். ஜப்பானில் கூரியர் சேவை மிக நம்பகமானது. டோக்கியோ ஓட்டலின் வரவேற்பறையிலேயே ஒப்படைத்தால் அடுத்து நீங்கள் தங்கப்போகும் நகரத்து ஓட்டலுக்குப் பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். ரியோக்கானுக்கு ஒரு சிறு பை போதும். துண்டு, பல் துலக்கி, இரவு உடை எல்லாம் அங்கேயே இருக்கும்.

உடையில்லாமல்தான் குளிக்க வேண்டும் என்கிறார்கள். நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. நீச்சல் உடை அணிந்துகொள்ள அனுமதி உண்டா? தாலியைக் கழற்ற வேண்டியிருக்குமா?
— வாசகி, மதுரை

உங்கள் கூச்சம் இயல்பானது; எனக்கு வந்த கடிதங்களில் அதிகம் பேர் கேட்டிருப்பதும் இதையேதான். விடுதிகளின் பொதுக் குளியலறைகளில் நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. துணியோடு வரும் சோப்பும் அழுக்கும் நீரில் கலக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடங்கள் உண்டு. வாசலில் தொங்கும் திரைச்சீலை பெரும்பாலும் பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்கு நீலம். ஒரு எச்சரிக்கை: பல விடுதிகளில் இரவிலோ விடியற்காலையிலோ இரண்டு இடங்களையும் மாற்றிவிடுவார்கள். இரு பாலாருக்கும் இரண்டு குளியலறைகளின் அழகும் கிடைக்கட்டும் என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. ஆகவே முந்தைய நாள் போன அதே கதவு என்று எண்ணி நுழையாமல், ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். இரு பாலாரும் சேர்ந்து குளிக்கும் இடங்கள் வடகிழக்கு மலைப் பகுதிகளில் இன்னும் சில உண்டு. அத்தகைய விடுதிகள் அதை முன்பதிவுப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். உடை மாற்றும் அறையில் ஒரு கூடையில் உடைகளை வைத்துவிட்டு, ஒரு சிறு துண்டை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறீர்கள். அடுத்து, சுவரோரமாகத் தாழ்ந்த முக்காலிகள் வரிசையாகப் போடப்பட்டு, ஒவ்வொன்றின் முன்னும் குழாயும் சோப்பும் ஷாம்பூவும் ஒரு மரவாளியும் இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். அழுக்குப் போவது அங்கே முக்காலியில். தொட்டி உடம்பைச் சூடாக ஊறவைப்பதற்கு மட்டும். எழுந்து போகும்போது முக்காலியையும் வாளியையும் கழுவி, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். தலையில் எண்ணெய் வைத்திருந்தால் அதையும் முழுவதும் அலசிவிடுங்கள். நீளக் கூந்தலை உச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். முடி நீரில் படுவதை அவர்கள் விரும்புவதில்லை. சிறு துண்டை நடக்கும்போது முன்புறம் மறைத்துப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் தொட்டிக்குள் நனைக்கக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். கைப்பேசியை உள்ளே கொண்டுபோவது கடுமையான தவறாகக் கருதப்படும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று நான் சொன்னால் இப்போது நம்புவது கடினம். ஆனால் பாட்டிமார்களும் பேத்திகளும் தங்கள் பேச்சில் மூழ்கியிருக்க, உங்கள் பக்கம் ஒருவரும் திரும்பாததை ஐந்து நிமிடத்தில் நீங்களே உணர்வீர்கள்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. குடும்பத்துக்கு மட்டும் என்று நாற்பது, ஐம்பது நிமிடம் பூட்டிக்கொண்டு குளிக்கும் தனிக் குளியலறைகள் பல விடுதிகளில் உள்ளன. சிலவற்றில் கட்டணம் இல்லை. சிலவற்றில் சில ஆயிரம் யென் ஆகும். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் பால்கனியிலேயே ஊற்றுத் தொட்டி உள்ள அறைகளும் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் நல்ல நேரங்கள் எல்லாம் பிறருக்குப் போயிருக்கும்.

தாலியைக் கழற்றும்படி யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. ஆனால் கந்தக நீரில் வெள்ளி சட்டென்று கறுத்துவிடும். வெள்ளியும் செம்பும் கலந்த நகைத் தங்கமும் மங்கக்கூடும். கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றி அறையில் உள்ள பெட்டகத்தில் வைத்துவிடுவது நல்லது. மஞ்சள் கயிற்றில் தாலி கோத்திருந்தால் சாயம் பொது நீரில் இறங்கும் என்பதால், தனிக் குளியலறையை நாடுவதே முறை. மாதவிலக்கு நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்ப்பதும் அங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் நாகரிகம்.

நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவர்கள். விருந்தை ரசிக்க எங்களுக்கு வழியே இல்லையா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

வழி உண்டு, ஆனால் அது நீங்கள் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். ரியோக்கான் சமையலறை கல்யாண வீட்டுச் சமையலைப் போன்றது: யார், எத்தனை பேர், என்ன பரிமாறுவது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகி, அதற்கேற்பக் காய்கறியும் மீனும் வந்து இறங்கியிருக்கும். பந்தியில் உட்கார்ந்த பிறகு ‘இது வேண்டாம், அது தாருங்கள்’ என்றால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. செய்ய முடியவில்லையே என்று அவர்கள் படும் வருத்தம் உங்களுக்கும் சங்கடமாகிவிடும்.

சிக்கல் கண்ணுக்குத் தெரியும் மீன்துண்டில் இல்லை, அதை ஒதுக்கிவிடலாம். தாஷி என்னும் சாற்றில்தான் சிக்கல். உலர்த்திப் புகையூட்டிய மீனை மெல்லிய சீவல்களாகச் சீவி, கடற்பாசியோடு நீரில் ஊற வைத்து எடுக்கும் சாறு அது. புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில் அது உண்டு. வேகவைத்த பூசணியிலும் முள்ளங்கியிலும் உண்டு. டோஃபுவின் மேல் ஊற்றும் குழம்பிலும் உண்டு. ‘நான் மீன் சாப்பிட மாட்டேன்’ என்று மட்டும் எழுதினால், அவர்கள் மீனை எடுத்துவிட்டு அதே சாற்றில் வெந்த காய்கறிகளை அன்போடு உங்கள் முன் வைப்பார்கள். ஆகவே இப்படி எழுதுங்கள்: ‘இறைச்சி, மீன், நண்டு, இறால், முட்டை ஆகியவை எங்களுக்கு ஆகாது. மீன் சீவலில் எடுத்த தாஷியும் ஆகாது. கொம்பு என்னும் கடற்பாசியிலும் ஷீத்தாக்கே காளானிலும் எடுத்த தாஷி ஆகும். பால், தயிர் ஆகும்.’ இதை ஜப்பானிய மொழியில் யாரையேனும் கொண்டு எழுதி அனுப்பினால் மிகவும் நல்லது.

சில விடுதிகள் ‘எங்களால் இயலாது’ என்று மறுமொழி அனுப்பும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரைகுறையாகச் செய்து உங்கள் நோன்பைக் கெடுப்பதைவிட, இயலாது என்று நேரடியாகச் சொல்வதை நான் மதிக்கிறேன். அப்போது உணவு சேர்க்காத கட்டணத்தில் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, குளியலுக்காகத் தங்கலாம். ஆனால் மலை ஊர்களில் இரவு ஏழு மணிக்கு மேல் கடைகள் இருக்காது; கையில் உணவு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் குறிப்பாகச் சொல்ல விரும்பும் இடங்கள் இரண்டு. ஒன்று, வகாயாமா மாகாணத்தில் உள்ள கோயாசான் மலை. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூகாய் என்னும் துறவி நிறுவிய, ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவின் தலம் அது. அங்கே ஐம்பது அளவிலான கோயில்கள் பயணிகளுக்குத் தங்க இடம் தருகின்றன. அங்கே பரிமாறப்படுவது ஷோஜின் உணவு: இறைச்சியும் மீனும் முட்டையும் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. எள்ளை அரைத்துக் குட்ஸு என்னும் கிழங்கு மாவோடு கிளறி உறையவைத்த எள் டோஃபுவும், உறையவைத்து உலர்த்திய டோஃபுவைச் சாற்றில் ஊறவைத்துச் செய்யும் கூட்டும் அந்த மலையின் சிறப்புகள். பெரும்பாலான கோயில்களில் இயற்கை ஊற்று இல்லை, சாதாரண வெந்நீர்க் குளியல்தான். ஆனால் பாய் விரித்த அறை, யுகாதா, பந்தி எல்லாம் அதே மரபில் இருக்கும்.

மற்றொன்று, கியூஷு தீவில் பெப்பு நகரத்தின் கன்னாவா பகுதி. அங்கே தெருவோரச் சாக்கடை மூடிகளிலிருந்தும் ஆவி எழும். அந்த ஊற்று ஆவியிலேயே சமைத்துக்கொள்ளும்படி, முற்றத்தில் கல் அடுப்புகள் உள்ள எளிய தங்குமிடங்கள் அங்கே இருக்கின்றன. கடையில் சர்க்கரைவள்ளி, முட்டைக்கோஸ், பூசணி, சோளம் வாங்கி வந்து மூங்கில் தட்டில் வைத்து மூடினால் ஆவியிலேயே வெந்துவிடும். நீரில் உள்ள உப்பு லேசாக ஏறி, வேறு எதுவும் சேர்க்கத் தேவைப்படாது. ஊரிலிருந்து பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோனீர்களானால் ஒரு வாரம்கூடத் தங்கலாம். நோய் தீர நாட்கணக்கில் தங்கிக் குளிப்பவர்களுக்காக ஏற்பட்ட வழக்கம் இது. ஆடம்பர விடுதிகளுக்கெல்லாம் மூத்தது.

எனக்கு வயது 68. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாது. மகன் அழைக்கிறான், போகலாமா?
— வாசகர், சென்னை

உங்கள் மருத்துவரைக் கேட்டு, அவர் சரியென்று சொன்னால் போகலாம். அவரிடம் கேட்கும்போது ‘40 முதல் 42 டிகிரி செல்சியஸ் நீரில் கழுத்தளவு அமர்வது’ என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். நம் வீட்டில் வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளும் வெந்நீர் வேறு, இது வேறு.

இறங்கும் முன் வாளியில் நீர் எடுத்து முதலில் காலில், பிறகு இடுப்பில், கடைசியில் தோளில் ஊற்றி உடம்பைப் பழக்குங்கள். மார்புக்குக் கீழே வரை மட்டும் நீர் இருக்கும்படி உட்கார்ந்தால் இதயத்துக்குச் சுமை குறையும். முதல் முறை ஐந்து நிமிடம் போதும். எழும்போது மெதுவாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்க, சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். குளிர்காலத்தில் உடை மாற்றும் அறை சில்லென்று இருக்க, நீர் கொதிப்பாக இருக்க, அந்த மாற்றத்தில் முதியவர்கள் மயங்கி விழுவது ஜப்பானிலேயே பெரிய கவலையாகப் பேசப்படுகிறது. ஆகவே உங்கள் பயணத்துக்கு வசந்த காலமோ இலையுதிர் காலமோ ஏற்றது. மது அருந்திய பிறகும், வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் இறங்க வேண்டாம். தனியாகப் போகவும் வேண்டாம். மகன் கூட இருக்கட்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நீரின் சூடு சரியாகத் தெரியாது. கையால் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவரானால் வெந்நீரில் அது வேகமாக உறிஞ்சப்படும் என்பதையும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். விருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும், சோறு கடைசியில்தான் வரும்; மருந்து நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஊற்றின் தன்மையையும் பாருங்கள். கந்தகம் மிகுந்த நீரும் அமில நீரும் வறண்ட முதிய தோலுக்கு எரிச்சல் தரும். கிஃபு மாகாணத்தின் கெரோ, மட்சுயாமா நகரத்தின் தோகோ போன்ற இடங்களின் நீர் மென்மையானது; உங்களுக்கு அது பொருந்தும்.

முழங்காலுக்காகக் கவலைப்பட வேண்டாம். பாய் விரித்த பகுதியோடு கட்டிலும் உள்ள அறைகள் இப்போது பல விடுதிகளில் இருக்கின்றன. நாற்காலி, மேசையில் சாப்பிடும் கூடங்களும் உண்டு. குளியலறையில் உயரமான இருக்கை வேண்டும் என்றும் எழுதலாம். முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள். சொல்லாமல் போய் நின்றால் தாழ்ந்த முக்காலிதான் காத்திருக்கும்.

என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. குளிக்கக் கூடாது என்று ஒரு பழைய வழிகாட்டி நூலில் படித்தேன்.
— வாசகர், சிங்கப்பூர்

நீங்கள் படித்தது பழைய விதி. குளிக்கக் கூடாதவர்களின் பட்டியலில் இருந்து கர்ப்பத்தை ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014-ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வழுக்காத தரையும் மிதமான சூடும் உள்ள இடத்தில், சிறிது நேரம் மட்டும் போதும்.

தோளில் பச்சை குத்தியிருக்கிறேன். உள்ளே விட மாட்டார்களாமே?
— வாசகர், பெங்களூரு

பல இடங்களில் விட மாட்டார்கள் என்பது உண்மை. ஜப்பானியச் சுற்றுலா முகமை 2015-இல் விடுதிகளிடமும் குளியல் இல்லங்களிடமும் கேட்டபோது, பதில் தந்தவற்றில் ஏறத்தாழ 56 விழுக்காடு அனுமதிப்பதில்லை என்றன. சுமார் 31 விழுக்காடு அனுமதிப்பதாகவும், மீதி மூடி மறைத்தால் அனுமதிப்பதாகவும் தெரிவித்தன. உடம்பெங்கும் பச்சை குத்திக்கொள்வது அங்கே குற்றக் கும்பல்களின் அடையாளமாக நெடுங்காலம் கருதப்பட்டதே காரணம். உங்கள் தோளில் இருப்பது அம்மாவின் பெயராக இருந்தாலும், பக்கத்தில் குளிக்கும் முதியவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. சிறிதாக இருந்தால் தோல் நிறப் பட்டையை ஒட்டி மறைக்கலாம். பெரிதென்றால் தனிக் குளியலறை. எதுவாயினும் எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள், வாசலில் நின்று வாதாடாதீர்கள். மருதாணியையும் இதனோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால், பயணத்துக்கு முன் கை நிறைய இட்டுக்கொள்வதைப் பெண்கள் தவிர்க்கலாம்.

ஊற்று நீர் என்று சொல்வதெல்லாம் உண்மையிலேயே ஊற்று நீர்தானா? குழாய் நீரைக் காய்ச்சி ஊற்றினால் நமக்கு எப்படித் தெரியும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

மிகவும் நல்ல கேள்வி. இதைக் கேட்ட ஒரே வாசகர் நீங்கள்தான்.

ஜப்பானில் ஒன்சென் என்பதற்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறை சொல்கிறது. நிலத்தடியிலிருந்து வெளிவரும் இடத்தில் 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடு இருக்க வேண்டும். அல்லது சட்டம் பட்டியலிட்டுள்ள 19 பொருட்களில் ஏதேனும் ஒன்று குறிப்பிட்ட அளவுக்காவது இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். ஆகவே நிலத்திலிருந்து குளிர்ந்து வந்து, காய்ச்சிய பிறகு தொட்டிக்கு வரும் நீரும் சட்டப்படி ஒன்சென்தான். அந்த நாட்டில் 27,000-க்கும் மேற்பட்ட ஊற்றுகள் உண்டு. எல்லாம் ஒரே தரம் அல்ல.

2004-ஆம் ஆண்டில் நாகானோ மாகாணத்தின் ஷிராஹோனே என்ற புகழ்பெற்ற ஊரில், பால்போன்ற வெண்ணிறம் குறைந்தபோது குளியல் பொடி கலந்து நிறம் காட்டியது வெளிப்பட்டு, நாடே அதிர்ந்தது. தொடர்ந்து பிற ஊர்களிலும் இத்தகைய ஏமாற்றுகள் வெளிவந்தன. அதன்பின் 2005-இல் விதிகள் கடுமையாயின. குளிர்ந்த நீர் கலக்கிறார்களா, காய்ச்சுகிறார்களா, வடிகட்டிச் சுழற்றுகிறார்களா, கிருமிநாசினியோ பொடியோ சேர்க்கிறார்களா என்பதையெல்லாம் காரணத்தோடு எழுதி மாட்டி வைக்க வேண்டும். நீரின் பகுப்பாய்வையும் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். உடை மாற்றும் அறையின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தத் தாளை நான் எந்த விடுதிக்குப் போனாலும் முதலில் பார்ப்பேன். ஊற்றில் எத்தனை டிகிரி, அமிலமா காரமா, சோடியம் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி அதைப் படித்துச் சொல்லும். ஆனால் கைப்பேசிக்கு அங்கே அனுமதி இல்லாததால், அதன் படியை வரவேற்பறையில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சுழற்சி நீர் என்றால் மோசடி என்று எண்ண வேண்டாம். ஊற்று சிறிதாகவும் தொட்டி பெரிதாகவும் இருந்தால் வடிகட்டிச் சுழற்றிக் குளோரின் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. லெஜியோனெல்லா என்னும் கிருமி வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளரும். ஆயினும் ஊற்று நீர் நேராகத் தொட்டியில் விழுந்து, நிரம்பி, விளிம்பு தாண்டி வழிந்தோடும் குளியலின் சுகம் வேறு. அதைத் தேடுபவர்கள் குன்மா மாகாணத்தின் குசாட்சுவுக்குப் போக வேண்டும். நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாகவே பொங்கும் ஊர் அது. நீரின் அமிலம் எலுமிச்சைச் சாற்றின் அளவுக்கு இருக்கும். கண்ணில் பட்டால் எரியும், ஆறாத புண் இருந்தால் சுரீரென்னும். பொங்கும் இடத்தில் 50 டிகிரிக்கு மேல் சூடு. குளிர்ந்த நீரைக் கலந்தால் மருந்து நீர்த்துவிடும் என்று, ஆள் உயரப் பலகைகளால் பெண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே துழாவி ஆற்றுவார்கள். பயணிகளுக்கு இன்றும் அதை நடத்திக் காட்டுகிறார்கள். மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஜப்பானில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ட்ஸ் இந்த ஊரின் நீரைப் பெரிதும் போற்றி வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார்.

கோபே நகரத்தின் பின்புற மலையில் உள்ள அரிமா இன்னொரு வியப்பு. அருகில் எரிமலையே இல்லை. பசிபிக் பக்கமிருந்து நிலத்தட்டு ஒன்று அடியில் அமிழும்போது அதோடு சேர்ந்து இறங்கிய பண்டைய கடல் நீர்தான், ஆழத்துச் சூட்டில் மீண்டும் மேலே வருகிறது என்று நிலவியலாளர்கள் விளக்குகிறார்கள். வெளிவரும்போது தெளிவாக இருக்கும் அந்த நீர் காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருவேறிச் செம்மண் நிறமாகிவிடும். வெள்ளைத் துண்டு பழுப்பாகிவிடும் என்பதால் உங்கள் சொந்தத் துண்டை அங்கே எடுத்துச் செல்ல வேண்டாம்.

பணிப்பெண்ணுக்கு அன்பளிப்பு எவ்வளவு தரலாம்?
— வாசகி, கொழும்பு

தர வேண்டியதில்லை. சேவைக் கட்டணம் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும். கைக்குழந்தைக்காகவோ முதியவருக்காகவோ வழக்கத்துக்கு மீறிய உதவி செய்திருந்தால், ஊரிலிருந்து கொண்டுபோன சிறு இனிப்புப் பொட்டலம் ஒன்று போதும். காசைக் கையில் திணித்தால் தடுமாறிப் போவார்கள்.

தெரியாமல் ஏதாவது தவறு செய்து அவர்களைப் புண்படுத்திவிடுவோமோ என்று அச்சமாக இருக்கிறது. குழந்தைகள் வேறு கூட வருகிறார்கள்.
— வாசகி, திருநெல்வேலி

வெளிநாட்டவர் செய்யும் சிறு பிழைகளை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. சிலவற்றை மட்டும் நினைவில் வையுங்கள். கோரைப்பாய் மீது காலணி மட்டுமல்ல, விடுதி தரும் செருப்போடும் ஏறக் கூடாது. சக்கரப் பெட்டியையும் அதன்மேல் உருட்டக் கூடாது. கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு வாசலில் இருக்கும், அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். யுகாதாவை உடுத்தும்போது உங்கள் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வரும்படி உடுத்துவது இறந்தவர்களுக்குத்தான். அறையில் ஓவியச் சுருளும் பூச்சாடியும் உள்ள மாடம் ஒன்று இருக்கும். பை வைக்க வசதியாக இருக்கிறதே என்று எண்ணத் தோன்றும். அங்கே எதையும் வைக்காதீர்கள், குழந்தைகளையும் ஏறவிடாதீர்கள்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, இன்னும் டயப்பர் விடாத குழந்தைகளைப் பொதுத் தொட்டியில் இறக்கப் பெரும்பாலான விடுதிகள் அனுமதிப்பதில்லை. ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன மகனைத் தாயோடு பெண்கள் பகுதிக்கோ, மகளைத் தந்தையோடு ஆண்கள் பகுதிக்கோ அழைத்துப் போகக் கூடாது; முன்பு பத்து வயது வரை இருந்த அந்த வழிகாட்டுதலைச் சுகாதார அமைச்சகம் 2020-இல் குறைத்தது. குழந்தைகளுக்குக் காரமற்ற எளிய உணவு தனியாகக் கிடைக்கும், அதையும் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள்.

ஒரே ஓர் ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால் எந்த ஊரைச் சொல்வீர்கள்?
— வாசகர், கோலாலம்பூர்

கினோசாக்கி. கியோத்தோவிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். 1925-இல் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்து, பிறகு மரக் கட்டடங்களாகவே திரும்ப எழுந்த ஊர். ஒரு சிறு கால்வாயின் இரு கரையிலும் வில்லோ மரங்கள். ஊருக்குள் ஏழு பொதுக் குளியல் இல்லங்கள். விடுதியில் தங்குபவர்களுக்கு அந்த இல்லங்களுக்கு இலவச அனுமதிச் சீட்டு தருகிறார்கள். மாலையில் ஊரே யுகாதா உடுத்தி, மரப்பாதுகை ஒலிக்க, ஒரு குளியலிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகும். பச்சை குத்தியவர்களையும் இந்தப் பொதுக் குளியல் இல்லங்களில் ஏற்கிறார்கள் என்பதைப் பெங்களூரு வாசகர் கவனிக்கலாம்.

ஒவ்வொரு குளியல் இல்லத்துக்கும் வாரத்தில் ஒரு விடுமுறை நாள் உண்டு, அது இல்லத்துக்கு இல்லம் மாறும். நீங்கள் போகும் நாளில் எவை திறந்திருக்கும் என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே நண்டுக் காலம். விருந்தின் முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை நண்டாகவே இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். அசைவப் பிரியர்கள் அந்த மாதங்களில் போகட்டும். சைவர்கள் மே மாதத்தையோ அக்டோபரையோ தேர்ந்தெடுத்து, மேலே திருச்சி வாசகருக்குச் சொன்ன அந்தக் கடிதத்தை முன்பதிவு செய்த அன்றே விடுதிக்கு அனுப்பிவிடுங்கள்.